சீட்டஸ் ப்ரோ கிட்: மேனுவல் மோட் கற்க இது போதுமா?

இன்றைக்கு விற்கும் பெரும்பாலான ட்ரோன்கள், ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்தால் அப்படியே அந்தரத்தில் நின்றுவிடும். தானே மட்டமாகும், தானே உயரத்தைப் பிடித்துக்கொள்ளும். பீட்டாஎஃப்பிவி நிறுவனத்தின் சீட்டஸ் ப்ரோவும் மோட் சுவிட்ச் நார்மலில் இருக்கும்வரை அப்படித்தான். அதே சுவிட்ச் மேனுவலுக்குப் போனதும் அந்த உதவிகள் எல்லாம் விலகிவிடும். சாய்த்தால் சாய்ந்தபடியே போகும். கவிழ்த்தால் கவிழும். இந்த விமர்சனம் அந்தக் கடைசி நிலையைப் பற்றியது மட்டும்தான். கிட் வாங்கும் பலர் நார்மலிலேயே நாலு வாரம் சுற்றிவிட்டு, மேனுவலில் இரண்டு தடவை சுவரில் மோதியதும் பெட்டியை மூடிவிடுகிறார்கள். அது ட்ரோனின் குற்றம் இல்லை, கற்கும் வரிசையின் குற்றம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். எந்த உதவியும் இல்லாமல் பறக்கக் கற்பதற்கு இது நல்ல கிட். ஆனால் அதன் மதிப்பில் பாதி ட்ரோனில் இல்லை, கூட வரும் ரேடியோவில், அதாவது கையில் பிடிக்கும் ரிமோட்டில், இருக்கிறது. அடுத்த ட்ரோனுக்கு மாறும் நாளில் இந்தப் பெட்டியிலிருந்து உங்களோடு வருவது குறைவு. இந்த இரண்டையும் தெரிந்துகொண்டு வாங்கினால் ஏமாற்றம் இருக்காது.

பெட்டிக்குள் ட்ரோன், லைட்ரேடியோ 2 எஸ்இ ரேடியோ, ட்ரோன் கேமராவின் படத்தைக் கண்முன் காட்டும் விஆர்02 கண்ணாடி, 450 எம்ஏஎச் பேட்டரிகள், சார்ஜர், உபரி இறக்கைகள் இருக்கும். மோட்டார்கள் 1102 அளவு, 18000 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் இத்தனை சுற்று), பிரஷ்லெஸ். பேட்டரியோடு சேர்த்தே எடை 50 கிராமுக்குள் அடங்கிவிடும். நான்கு இறக்கைகளைச் சுற்றியும் வளையம் உண்டு. விரலில் பட்டால் வலிக்கும், ஆனால் ஐந்து அங்குல இறக்கை ட்ரோன் மாதிரி விரலைக் கிழித்துவிடாது. வீட்டுக்குள் கற்கப்போகிறவருக்கு இந்த எடையும் வளையமும்தான் முதல் தகுதி. 50 கிராம் பொருள் திரைச்சீலையில் மோதினால் திரைச்சீலை அசையும், அவ்வளவுதான்.

நார்மல், ஸ்போர்ட், மேனுவல் என்ற மூன்று மோட்களின் வித்தியாசத்தைத் தெளிவாகப் பிரித்துக்கொள்வது அவசியம். நார்மலில் கீழே பார்க்கும் ஆப்டிக்கல் ஃப்ளோ சென்சார் இடத்தையும், காற்றழுத்த சென்சார் உயரத்தையும் பிடித்துக்கொள்ளும். நம் வீடுகளில் போட்டிருக்கும் வெள்ளை விட்ரிஃபைட் டைல்ஸ் மேல் இந்த சென்சார் சில சமயம் தடுமாறும். கோலமோ கோடோ இல்லாத பளபளப்பான தரையில் அது பின்தொடர எதுவும் இல்லாததே காரணம். வெளிச்சம் குறைந்தாலும் இதே கதைதான். பூப்போட்ட பாய் ஒன்றை விரித்தால் சரியாகிவிடும். ஸ்போர்ட்டில் த்ராட்டில், அதாவது மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்டிக், உங்கள் கைக்கு வந்துவிடும், ஆனால் ஸ்டிக்கை விட்டால் ட்ரோன் மட்டமாகிவிடும். மேனுவலில் அதுவும் கிடையாது.

மேனுவலிலும் ஜைரோ, அதாவது ட்ரோன் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்று அளக்கும் சென்சார், வேலை செய்துகொண்டுதான் இருக்கும். ஜைரோ இல்லாமல் நாலு மோட்டார் ட்ரோனை மனிதக் கையால் பறக்கவைக்க முடியாது. நொடிக்குப் பல நூறு திருத்தங்கள் அதற்குத் தேவை. மேனுவலில் ஒதுங்கிக்கொள்வது ஆக்சிலரோமீட்டர், அதாவது பூமி எந்தப் பக்கம் என்று சொல்லும் உறுப்பு. அது ஒதுங்கியபின் ட்ரோனுக்குக் கீழ் எது, மேல் எது என்று தெரியாது. கண்ணாடிக்குள் தெரியும் தரைக்கோட்டைப் பார்த்து அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். இதில் ஒரு நல்லதும் உண்டு. நார்மலில் ட்ரோன் ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே இருந்தால் மட்டம் சரிசெய்ய மெனக்கெட வேண்டும், மேனுவலில் அந்தச் சரிசெய்தலுக்கு வேலையே இல்லை. மேனுவலில் ட்ரோன் தானாக மெதுவாகச் சுழன்றால் ஸ்டிக்கின் நடுப்புள்ளியை முதலில் சந்தேகியுங்கள். ரேடியோவின் ஸ்டிக் கேலிபிரேஷனை ஒருமுறை செய்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

ஸ்டிக்கின் பொருளே மாறிவிடுவதுதான் எல்லாரையும் கவிழ்க்கும் இடம். ஸ்போர்ட்டில் ஸ்டிக்கைக் கொஞ்சம் முன்னே தள்ளிப் பிடித்தால் ட்ரோன் ஒரு கோணம் சாய்ந்து அங்கேயே நிற்கும். மேனுவலில் அதே அளவு தள்ளிப் பிடித்தால் அது ஒரு வேகத்தில் சுழல ஆரம்பித்து, நீங்கள் விடும்வரை சுழன்றுகொண்டே இருக்கும். நொடிக்கு 60 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நொடி பிடித்தால் 60 டிகிரி சாய்வு, இரண்டு நொடி பிடித்தால் பாதிக்கு மேல் தலைகீழ். விட்டதும் நிற்கும், ஆனால் சாய்ந்த நிலையிலேயே நிற்கும். திரும்ப மட்டமாக்க எதிர்ப்பக்கம் அதே அளவு தள்ளியாக வேண்டும். ஆகவே மேனுவலில் ஸ்டிக்கை யாரும் அழுத்திப் பிடிப்பதில்லை. ஒரு தட்டு, நடுவுக்கு வருதல், பார்த்தல், இன்னொரு தட்டு. கையில் ஊற வேண்டியது இந்தத் தாளம்தான்.

சாய்வோடு த்ராட்டிலும் சேர்ந்துகொள்ளும். மட்டமாக நிற்க எவ்வளவு உந்துவிசை வேண்டுமோ, 30 டிகிரி சாய்ந்தால் அதைவிட 15 சதவீதம் அதிகம் வேண்டும். 45 டிகிரியில் 41 சதவீதம். 60 டிகிரியில் இரண்டு மடங்கு. முதல் நாள் ட்ரோன் முன்னே போகப் போகத் தரையை நோக்கி இறங்குவதற்குக் காரணம் இதுதான். பதறிப்போய்த் த்ராட்டிலை ஏற்றினால் சாய்ந்த திசையிலேயே இன்னும் வேகமாகப் பாயும். முழுக்க இறக்கினால் கல்லாக விழும். அரை நொடியில் 1.2 மீட்டர். வீட்டின் உயரத்துக்கு அந்த அரை நொடியே போதும்.

அதனால்தான் ரேடியோவைப் பற்றி முதலிலேயே சொன்னது. லைட்ரேடியோ 2 எஸ்இயை யுஎஸ்பி கேபிளில் கணினியோடு இணைத்தால் ஜாய்ஸ்டிக்காகத் தெரியும். லிஃப்ட்ஆஃப், வெலோசிட்ரோன் போன்ற சிமுலேட்டர் எதிலும் ஓட்டலாம். சின்ன ட்ரோனுக்கென்றே லிஃப்ட்ஆஃப்: மைக்ரோ ட்ரோன்ஸ் தனியாகக் கிடைக்கிறது. பிறகு நிஜ ட்ரோனில் பிடிக்கப்போகும் அதே ஸ்டிக், அதே ஸ்பிரிங் இறுக்கம். ட்ரோனைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு முதல் பத்து மணி நேரத்தைச் சிமுலேட்டரில் போடுங்கள். ஒரே நாளில் மூன்று மணி நேரம் உட்காருவதைவிட தினமும் அரை மணி நேரம் நல்லது. தூங்கி எழுந்தபின்தான் விரலுக்கு விஷயம் பதிகிறது.

சிமுலேட்டரில் ஆங்கிள் மோடை, அதாவது தானே மட்டமாகும் மோடை, தொடவே வேண்டாம். கேமரா சாய்வை 15 டிகிரிக்கு வையுங்கள். சுழற்சி வேகத்தின் உச்சத்தை நொடிக்கு 400 முதல் 450 டிகிரிக்குக் குறையுங்கள். பலரும் அந்தரத்தில் நிறுத்திப் பழகுவதிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். அது தலைகீழான வரிசை. மேனுவலில் ஓரிடத்தில் நிற்பதுதான் கடினம், முன்னோக்கிப் போவது சுலபம். கேமரா 15 டிகிரி மேல்நோக்கி இருப்பதால் ட்ரோன் 15 டிகிரி முன்சாய்ந்து போகும்போது தரைக்கோடு படத்தின் நடுவில் மட்டமாக நிற்கும். கண்ணுக்கு ஒரு ஆதாரம் கிடைத்துவிடும். பெரிய மைதானக் காட்சியைத் தேர்ந்தெடுத்து, தரைக்கோட்டை நடுவிலேயே வைத்துக்கொண்டு, த்ராட்டிலை மட்டும் நுனி விரலால் ஏற்றி இறக்கி, ஒரே உயரத்தில் நேராகப் போய்ப் பழகுங்கள். முதல் இரண்டு மணி நேரத்துக்கு இதைத் தவிர வேறெதுவும் தேவையில்லை.

அடுத்தது வளைவு. மூக்கை இட வலமாகத் திருப்புவது யா, பக்கவாட்டில் சாய்ப்பது ரோல், முன்னும் பின்னும் சாய்ப்பது பிட்ச். யா ஸ்டிக்கை மட்டும் திருப்பினால் மூக்கு திரும்பும், ட்ரோன் பழைய திசையிலேயே வழுக்கிக்கொண்டு போகும். ரோலை மட்டும் சாய்த்தால் பக்கவாட்டில் நழுவும். இரண்டும் ஒரே பக்கம், ஒரே நேரத்தில் போக வேண்டும். ரோலை ஒரு தட்டு தட்டிச் சாய்வை வைத்துவிட்டு விடுங்கள். யாவை அதே பக்கம் தொடர்ந்து பிடியுங்கள். மூக்கு கீழே அமுங்குவது தெரிந்தால் பிட்ச்சைத் துளி பின்னே இழுங்கள். த்ராட்டில் கொஞ்சம் கூடும். வளைவு முடியும் இடத்தில் ரோலுக்கு எதிர்த்தட்டு, யா நடுவுக்கு. நான்கு அசைவும் சேர்ந்து ஒரே அசைவாக ஆகும்வரை பெரிய வட்டங்களாகவே போடுங்கள். வலப்பக்கம் பத்து, இடப்பக்கம் பத்து. யாருக்கும் ஒரு பக்கம் மட்டும் மோசமாக வரும், அந்தப் பக்கத்துக்கு இரண்டு பங்கு நேரம் கொடுங்கள். பிறகு எட்டு வடிவம், பிறகு ஒரு கம்பத்தைப் பார்த்தபடி சுற்றுவது. ஓரிடத்தில் நிறுத்துவது கடைசியில்.

மூன்று மீட்டர் உயரத்துக்குள் ஐந்து நிமிடம், ஒரு தடவைகூட ரீசெட் அழுத்தாமல் எட்டு போட முடிகிறதா? அன்றைக்கு ட்ரோனைப் பெட்டியிலிருந்து எடுக்கலாம்.

இடம் குறைந்தது பத்துக்குப் பத்து மீட்டர் இருக்கட்டும். காலியான கல்யாண மண்டபம், பேட்மின்டன் அரங்கம் எல்லாம் பொருத்தமான இடங்கள். பத்துக்குப் பத்தடி படுக்கையறை வேண்டாம். இறக்கை தள்ளும் காற்று சுவரில் முட்டித் திரும்பி வந்து ட்ரோனையே அலைக்கழிக்கும், நீங்கள் செய்யாத தவறுகளையும் உங்கள் தவறு என்று நினைத்துக்கொள்வீர்கள். சீலிங் ஃபேனை நிறுத்திவிடுங்கள். மொட்டை மாடி பார்க்க வசதியாக இருக்கும், ஆனால் கைப்பிடிச் சுவரைத் தாண்டினால் அடுத்தவர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான். வெளியில் என்றால் காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் முடித்துவிடுங்கள். ஆடிக் காற்றில் 50 கிராம் ட்ரோனைக் கற்கவே முயல வேண்டாம். கடற்கரை மணலும் கூடாது. மோட்டாருக்குள் இருக்கும் காந்தம் மணலில் உள்ள இரும்புத் துகளை இழுத்துக்கொள்ளும், அதன்பின் மோட்டார் கரகரவென்று சத்தம் போடும். குட்டையாக வெட்டிய புல் தரைதான் உத்தமம்.

பேட்டரி செருகும்போது ட்ரோன் தரையில் அசையாமல் இருக்கட்டும். அந்தச் சில நொடிகளில்தான் ஜைரோ தன் பூச்சியத்தைக் குறித்துக்கொள்கிறது. ஆர்ம் செய்தபின், அதாவது மோட்டார்களை இயக்கத்துக்குத் தயாராக்கியபின், தரையில் வைத்தபடியே ஸ்டிக்கை ஆட்டிப் பார்க்காதீர்கள். நீங்கள் கேட்ட சுழற்சி நடக்கவில்லையே என்று கட்டுப்பாட்டுக் கணக்கு திருத்தத்தைச் சேர்த்துக்கொண்டே போகும். தரையைவிட்டு எழுந்த கணத்தில் அது மொத்தமும் வெளிப்பட்டு ட்ரோன் புரண்டுவிடும். ‘மேனுவலில் கிளம்பவே மாட்டேன் என்கிறது’ என்ற புகாருக்குப் பாதி காரணம் இதுதான். மீதிப் பாதி, தயங்கித் தயங்கி எழுப்புவது. தரையை ஒட்டி அரை அங்குலத்தில் வழுக்கினால் வளையம் எதிலாவது தட்டிக் கவிழும். ஒரே மூச்சில் ஒரு மீட்டர் ஏற்றிவிட்டு, உடனே த்ராட்டிலைப் பாதிக்குக் கொண்டுவந்து முன்னே கிளம்புங்கள்.

மோதியதும் முதல் வேலை டிஸ்ஆர்ம், அதாவது மோட்டார்களை நிறுத்திவிடுவது. ஆர்ம் சுவிட்ச் மேல் ஒரு விரல் எப்போதும் தயாராக இருக்கட்டும். திரைச்சீலையிலோ புல்லிலோ இறக்கை சிக்கியிருக்கும்போது த்ராட்டிலைக் கொடுத்தால் மோட்டார் சுருளும் அதை ஓட்டும் சிப்பும் சூடேறிக் கருகும். விழுந்ததால் கெட்டதைவிட, விழுந்தபின் எழுப்பப் பார்த்துக் கெட்டதுதான் அதிகம். தலைகீழாகக் கிடந்தால் டர்ட்டில் மோட் இருக்கிறது. பாதி மோட்டார்களை எதிர்ப்பக்கம் சுற்றவைத்து அதுவே புரண்டுகொள்ளும். சிறு சிறு உந்துதலாகக் கொடுங்கள். இரண்டு தடவையில் புரளவில்லை என்றால் நடந்துபோய் எடுத்துவிடுவதே மேல்.

பராமரிப்பில் மறக்கக்கூடாதது முடி. வீட்டுத் தரையில் கிடக்கும் தலைமுடியும் நூலும் இறக்கைக்கும் மோட்டாருக்கும் நடுவில் சுற்றிக்கொள்ளும். வெளியே தெரியாது. நான்கு இறக்கைகளையும் விரலால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். மூன்று தானே சுழன்று, ஒன்று மட்டும் எண்ணெயில் சுற்றுவதுபோல் உடனே நின்றால் அங்கே முடி இருக்கிறது. இறக்கையை நெம்பிக் கழற்றி, கூர்மையான இடுக்கியால் எடுத்துவிடுங்கள். மோட்டாரைப் பிடித்து இழுத்துக் கழற்றக் கூடாது, மோட்டாரின் மணி வடிவ மேல்மூடி தண்டோடு வந்துவிடும். திரும்ப மாட்டும்போது திசையைப் பாருங்கள். இரண்டு இறக்கை கடிகாரத் திசை, இரண்டு எதிர்த்திசை. மூலைக்கு மூலை ஒரே வகை. ஒன்று மாறிப்போனாலும் ட்ரோன் கிளம்பிய இடத்திலேயே குட்டிக்கரணம் போடும். நுனி சிதைந்த இறக்கையை உடனே மாற்றுங்கள். அந்த அதிர்வு ஜைரோவைக் குழப்பும், மோட்டாரும் சூடாகும்.

பேட்டரி ஒற்றை செல், உச்சம் 4.35 வோல்ட் வகை, பிடி2.0 இணைப்பு. உபரி வாங்கும்போது இந்த இணைப்பின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். சின்ன ட்ரோன்களில் பரவலாக இருக்கும் பிஎச்2.0 இதில் ஏறாது. ஒரு பேட்டரிக்கு நான்கிலிருந்து ஐந்து நிமிடம் என்கிறது நிறுவனம். மேனுவலில் த்ராட்டிலை ஏற்றி இறக்கி ஓட்டினால் நாலு நிமிடமாகவே வைத்துக்கொள்ளுங்கள். பறக்கும்போது 3.3 வோல்ட்டைத் தொட்டால் இறக்கிவிடுங்கள். அதற்குக் கீழே தள்ளினால் பேட்டரி உப்பும். சார்ஜ் 0.45 ஆம்பியரில், ஏறக்குறைய ஒரு மணி நேரம். சூடாக இறங்கிய பேட்டரியை ஆறவைத்துவிட்டுப் போடுங்கள். இரண்டு நாளுக்கு மேல் பறக்கப்போவதில்லை என்றால் 3.8 வோல்ட்டில் வையுங்கள். சித்திரை வெயிலில் பைக் பெட்டிக்குள் பேட்டரியை விட்டுவைப்பது ஆபத்து. கிட்டோடு வருவதை வைத்து ஒரு நாள் பயிற்சி ஓடாது. மொத்தம் ஆறு இருந்தால் ஏறக்குறைய இருபத்துநாலு நிமிடம் பறக்கலாம், கைக்கும் அது சரியான அளவு.

கண்ணாடியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அனலாக் படம், கூர்மை குறைவு. ஆனால் சிக்னல் குறையக் குறையப் படத்தில் பொரி கூடிக்கொண்டே வரும், திடீரென்று உறைந்து நிற்காது. கற்பவருக்கு அது நல்ல எச்சரிக்கை. ஒளிபரப்பு 25 மில்லிவாட்தான், இரண்டு கான்கிரீட் சுவருக்கு அப்பால் நம்ப வேண்டாம்.

இனி குறைகள். இதன் கட்டுப்பாட்டுப் பலகையில் பரவலாகப் பயன்படும் பீட்டாஃப்ளைட் மென்பொருள் ஓடாது, அமைப்புகளை மாற்ற நிறுவனத்தின் சொந்த கான்ஃபிகரேட்டர்தான். ரேடியோ பேசும் மொழி பழைய ஃப்ரைஸ்கை டி8. இன்றைக்கு வரும் சின்ன ட்ரோன்களில் பெரும்பாலானவை எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் பேசுகின்றன, அவற்றை இந்த ரேடியோ கட்டுப்படுத்தாது. எனவே அடுத்த ட்ரோன் வாங்கும்போது லைட்ரேடியோ 2 எஸ்இ சிமுலேட்டருக்கு மட்டும் மிஞ்சும். ‘அப்படியானால் அதே நிறுவனத்தின் சீட்டஸ் எக்ஸ் வாங்கிவிடலாமே’ என்று தோன்றும். அதில் பீட்டாஃப்ளைட்டும் எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ்ஸும் உண்டு. ஆனால் அது இரண்டு செல் வண்டி, வீட்டுக்குள் கற்க வேகம் அதிகம்.

மேனுவல் மட்டும்தான் இலக்கு, நார்மல் தேவையே இல்லை என்று உறுதியாக இருப்பவருக்கு என் பரிந்துரை வேறு. ரேடியோமாஸ்டர் பாக்கெட் ரேடியோவின் எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் பதிப்பை முதலில் வாங்குங்கள். ஒரு மாதம் சிமுலேட்டர் ஓட்டுங்கள். பிறகு மீட்டியர்65 அல்லது மொபியுலா6 மாதிரி 65 மில்லிமீட்டர் ட்ரோன் ஒன்று, ஒற்றை செல். பீட்டாஃப்ளைட்டில் சுழற்சி வேகத்தைத் தீர்மானிக்கும் ஆக்சுவல் ரேட்ஸின் இயல்பு அமைப்பு உச்சம் நொடிக்கு 670 டிகிரி. முழு ஸ்டிக்கில் ஒரு சுற்று அரை நொடிதான். அதை 450க்குக் குறைத்தால் 0.8 நொடி ஆகும், கண் பின்தொடரும். த்ராட்டில் லிமிட்டை ஸ்கேல், 80 சதவீதம் என்று வையுங்கள். ஏர்மோடை இயக்கிவிடுங்கள், த்ராட்டிலை முழுக்க இறக்கினாலும் சாய்வின் மேல் பிடி இருக்கும். சீட்டஸ் ப்ரோவில் இந்த அமைப்பு வேலைக்கு இடமில்லை. ஆனால் அமைப்பு வேலையே பயமாக இருக்கிறவருக்கு, பெட்டியைத் திறந்ததும் மூன்று கருவிகளும் ஒன்றோடொன்று பேசும் சீட்டஸ் ப்ரோதான் சுலபம்.

இந்தியாவில் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முழு ட்ரோனாக இறக்குமதி செய்வதற்கு 2022 பிப்ரவரி 9 முதல் தடை உண்டு, உதிரி பாகங்களுக்கு இல்லை. வெளிநாட்டுத் தளத்தில் கிட்டை ஆர்டர் செய்தால் சுங்கத்தில் நிற்கலாம். பாகங்களாக வாங்கிக் கோப்பது நேர் வழி. 65 மில்லிமீட்டர் ட்ரோனுக்கு ஃபிரேம், நான்கு மோட்டார், ஒரே பலகையில் எல்லாம் அடங்கிய போர்டு, கேமரா, இறக்கை, இணைப்பு வயர் போதும். 250 கிராமுக்கு உட்பட்டது 2021 ட்ரோன் விதிகளின்படி நானோ வகை, அதற்கு விமானி உரிமம் கேட்பதில்லை. ஆனால் விமான நிலையம் போன்ற சிவப்பு, மஞ்சள் மண்டலங்கள் எடை பார்த்து விலக்குத் தருவதில்லை. அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்துவிட்டுப் பறக்கவிடுங்கள். கண்ணாடி போட்டிருக்கும் உங்களுக்குச் சுற்றிலும் என்ன நடக்கிறது என்று தெரியாது. பக்கத்தில் ஒருவர் நின்று ட்ரோனையும் தெருவையும் பார்த்துக்கொள்ளட்டும்.

வாங்குவது என்று முடிவானால் கூடவே ஆர்டர் செய்ய வேண்டியவை: பிடி2.0 பேட்டரி நான்கு, இறக்கை இரண்டு செட், மெல்லிய நுனி இடுக்கி ஒன்று. மோட் சுவிட்சைப் பற்றிக் கடைசியாக ஒன்று. மேனுவலில் குழம்பிப்போய் ஸ்போர்ட்டுக்குத் தட்டினால் ட்ரோன் தானே மட்டமாகிவிடும். மூன்று மீட்டருக்கு மேல் இருந்தால் அது காப்பாற்றும். அதற்குக் கீழே இருந்தால் தட்டுவதற்குள் தரை வந்துவிடும், டிஸ்ஆர்ம் செய்துவிடுங்கள்.